உருளைக்கிழங்கும் நீர்க் கணக்கும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன் ஒருவன்)

உருளைக்கிழங்கு என்றதும் நம் விடுதி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூரியும், மற்ற நாட்களில் சாம்பாருக்குள் ஒளிந்து விளையாடும் இரண்டொரு துண்டுகளுமே நினைவுக்கு வரும். அந்தத் துண்டில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது வெறும் தண்ணீர்தான் என்று வகுப்பில் படிக்கிறோம். ஆனால் அந்தக் கிழங்கு விளைவதற்காக வயலில் எவ்வளவு தண்ணீர் செலவாயிற்று, அது எங்கிருந்து வந்தது, மீதி எங்கே போயிற்று என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

நீலகிரியில் இருந்துகொண்டு நாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. நம் மலையில் உருளைக்கிழங்குக்கு மூன்று போகங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் நடுவது கோடைப் போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் நடுவது இலையுதிர் காலப் போகம். இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் வானமே துணை. மூன்றாவது, சனவரி, பிப்ரவரியில் நடும் பாசனப் போகம். மழை ஓய்ந்து, ஓடை மெலிந்து, குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்கத் தொடங்கும் நாட்களில்தான் இந்தப் பயிர் தண்ணீர் கேட்கிறது. அதே ஓடை குடிநீருக்கும் வேண்டும், கேரட்டுக்கும் வேண்டும், கீழே உள்ள ஊருக்கும் வேண்டும். ஆகவே இங்கே நீர்ச் சிக்கனம் என்பது மேடைப் பேச்சுக்கு மட்டும் உரிய பொருளன்று. அடுத்த தோட்டக்காரரோடு சண்டையின்றி வாழ்வதற்கு வேண்டிய பொருள்.

"சொட்டு நீர் போட்டாயிற்றா? அப்படியானால் தண்ணீர் மிச்சம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. "அதெல்லாம் வீண் செலவு, அப்பன் பாட்டன் காலத்துச் சாலில் பாய்ச்சுவதே போதும்" என்று மறுபக்கம் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. சிக்கனம் கருவியின் பெயரில் இல்லை. எடுத்த நீர் எவ்வளவு, விளைந்த கிழங்கு எவ்வளவு, வயலை விட்டுப் போன நீர் எங்கே சேர்ந்தது என்ற மூன்றையும் எழுதிப் பார்த்த பிறகே எந்த முறை சிக்கனமானது என்று சொல்ல முடியும். இதுவே நான் இங்கே சொல்ல வந்தது.

கிழங்கின் குணம்

உருளைக்கிழங்கு தாகம் பொறுக்காத பயிர். அதன் வேர் அரை மீட்டர் அளவுக்கே இறங்குகிறது. அதிலும் பெரும்பகுதி மேல் 30 செ.மீ. மண்ணிலேயே பரவி நிற்கிறது. ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிப் போகும் வலிமை அதற்கு இல்லை. 120 முதல் 150 நாள் வரை நிற்கும் பயிருக்கு 500 முதல் 700 மி.மீ. வரை நீர் வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் தரும் பொதுவான அளவு. ஓர் ஏக்கர் நிலத்தில் 1 மி.மீ. உயரம் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். எனவே 500 மி.மீ. என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். மழை தருவது போக மீதியைத்தான் நாம் பாய்ச்சுகிறோம்.

மொத்த அளவைவிட முக்கியமானது காலம். செடியின் அடியிலிருந்து நிலத்துக்குள் ஓடும் தண்டுகள் நுனியில் பருத்துக் கிழங்கு பிடிக்கும் பருவம் ஒன்று உண்டு. அப்போது வாட்டம் கண்டால் கிழங்கின் எண்ணிக்கை குறையும். சொறி நோயும் கூடும். பிறகு கிழங்கு பெருக்கும் பருவத்தில் ஒரு வாரம் காயவிட்டு மறு வாரம் வெள்ளமாகப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். பக்கத்தில் முண்டு முண்டாகப் புடைக்கும். அத்தகைய கிழங்கை மண்டியில் யார் வாங்குவார்? அளவு மீறி ஈரம் நின்றாலோ கிழங்கு அழுகும். முதிர்ச்சிப் பருவத்தில் நீரைக் குறைத்து நிறுத்தினால்தான் தோல் கெட்டிப்படும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரமான மண்ணில் மேல் 30 செ.மீ. ஆழத்துக்குள் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் சுமார் 45 மி.மீ. நிற்கும் என்று கொள்வோம். அதில் 35 விழுக்காடு, அதாவது 16 மி.மீ. குறைந்ததுமே உருளைக்கிழங்குச் செடி சங்கடப்படத் தொடங்கும். வெயில் நாளில் பயிர் நாளொன்றுக்கு 4 மி.மீ. நீரை எடுத்தால் நான்கே நாளில் அந்த எல்லை வந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை பாய்ச்சினால் ஏழாம் நாள் 28 மி.மீ. குறைந்து, இருப்பில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். ஆக, இந்தப் பயிர் கேட்பது அதிகத் தண்ணீர் அன்று. சிறுகச் சிறுக, அடிக்கடி, எல்லாச் செடிக்கும் ஒரே சீராகக் கிடைக்கும் தண்ணீர். எந்தப் பாசன முறையையும் இந்தத் தேவையை வைத்தே எடை போட வேண்டும்.

பாடநூல் சொல்லும் கணக்கு

உருளைக்கிழங்குக்கு நடைமுறையில் உள்ள முறைகள் மூன்று. பார் பிடித்து, பாருக்கு இடையேயுள்ள சாலில் நீரை ஓடவிடுவது ஒன்று. குழாயில் அழுத்தத்தோடு கொண்டுவந்து மழைபோல் தூவும் தெளிப்பு நீர்ப்பாசனம் இரண்டாவது. செடியின் அடியில் துளித்துளியாக விடும் சொட்டு நீர்ப்பாசனம் மூன்றாவது. வயலில் விடும் நீரில் பயிருக்குப் பயன்படும் பங்கு, சால் முறையில் 60 விழுக்காடு, தெளிப்பில் 75, சொட்டில் 90 என்பது திட்டமிடுவதற்காக உணவு வேளாண்மை நிறுவனம் கொடுத்துள்ள அளவு.

மழை போக 300 மி.மீ. நீரை நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். பயிருக்குச் சேர வேண்டியது ஏக்கருக்கு 12.1 லட்சம் லிட்டர். அதைச் சேர்ப்பதற்குச் சாலில் 20.2 லட்சம் லிட்டரும், தெளிப்பில் 16.2 லட்சம் லிட்டரும், சொட்டில் 13.5 லட்சம் லிட்டரும் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஏக்கருக்கு 8 டன் விளைகிறது என்றால், ஒரு கிலோ கிழங்குக்குப் பாய்ச்சிய நீர் முறையே 253, 202, 169 லிட்டர். சொட்டு நீர் முதற்பரிசைத் தட்டிச் செல்கிறது. இதில் ஐயமில்லை.

ஆனால் அதே சொட்டு நீர் வயலில், கிழங்கு பிடிக்கும் பருவத்தில் துளைகள் அடைத்துக்கொண்டன என்று வையுங்கள். அல்லது பாய்ச்ச வேண்டிய நாள் தெரியாமல் பயிர் வாடியது என்று வையுங்கள். விளைச்சல் 5 டன்னாக இறங்கினால், அதே 13.5 லட்சம் லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு 270 லிட்டர் செலவாகிறது. காலமறிந்து பாய்ச்சிய பழைய சாலைவிட இது அதிகம்! கருவி அதேதான், 90 என்ற எண்ணும் மாறவில்லை, சிக்கனம் மட்டும் ஓடிப்போயிற்று. ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நீர் என்று கேட்பதைவிட ஒரு கிலோவுக்கு எவ்வளவு நீர் என்று கேட்பதே நேரான கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

மலைச் சரிவில் மூன்று முறைகள்

பாடநூலின் எண்கள் சமநிலத்தை மனத்தில் வைத்தவை. நம் தோட்டங்களோ சரிவில் தொங்குகின்றன. இங்கே மூன்று முறைகளும் வேறு முகம் காட்டுகின்றன.

முதலில் சால். வாங்க வேண்டிய கருவி எதுவுமில்லை என்பது இதன் பெரிய சிறப்பு. சாலின் தலைமாட்டிலுள்ள செடி மூழ்கும்வரை குடிக்க, கால்மாட்டுச் செடி நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது இதன் குறை. மேலும், முன்பு கண்ட 16 மி.மீ. போன்ற சிறிய அளவைச் சாலில் சீராகக் கொடுப்பது அரிது; நீர் கடைசிவரை போய்ச் சேர்வதற்குள் அதைப்போல் சில மடங்கு ஓடிவிடும். சரிவின் போக்கிலேயே பார் பிடித்திருந்தால் ஓடுகிற நீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடும். மண்ணோடு உரமும் போகும். நம் மலைக்கே உரிய ஆபத்து வேறொன்றும் உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது. பெண் புழுவின் உடலே உறைபோல் இறுகி, முட்டைகளை உள்ளே வைத்துக் காத்து, ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். மேல் தோட்டத்துச் சாலில் வழிந்தோடும் சேற்று நீர் அந்த உறைகளைக் கீழ்த் தோட்டத்துக்கு இலவசமாக அனுப்பி வைக்கிறது. சாலைச் சரிவுக்குக் குறுக்காக, சம உயரத்தில் இழுத்தால் இந்தத் தீமையில் பெரும்பகுதி குறையும். ஒன்றுவிட்டு ஒரு சாலில் பாய்ச்சி, அடுத்த முறை மற்றச் சாலில் பாய்ச்சுவதும் ஒரு நல்ல உத்தி. வேரின் ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காய்ச்சலும் இருக்கும்போது செடி இலைத்துளைகளை ஓரளவு மூடிக்கொண்டு நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. காசு கேட்காத சீர்திருத்தம் இது.

அடுத்து தெளிப்பு. நட்ட கிழங்கு சீராக முளைப்பதற்கு மண் எங்கும் ஒரே அளவில் நனைய வேண்டும். அதைத் தெளிப்பான் செய்வதுபோல் வேறெதுவும் செய்வதில்லை. 16 மி.மீ. வேண்டுமென்றால் அதையே கொடுக்க முடியும். குழாய்களைக் கழற்றி அடுத்த வயலுக்குத் தூக்கிச் செல்லலாம். உறைபனி விழும் விடியற்காலையில் தெளிப்பானை ஓடவிட்டு இலையைக் காப்பாற்றுவதும் நம் மலையில் வழக்கமே. ஆயினும் தெளிப்பு இலையை நனைக்கிறது. அதில்தான் சிக்கல். பின் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் 'பைட்டோப்தோரா' குளிர்ந்த சூழலையும், பத்து மணி நேரத்துக்கு மேல் காயாமல் இருக்கும் இலையையும் விரும்புவது. 1845-இல் அயர்லாந்தில் தோன்றி, அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் வரை மாள்வதற்குக் காரணமான பஞ்சத்தைக் கொண்டுவந்த நோய் இதுவே. மாலையில் தெளித்தால் இரவுப் பனியும் சேர்ந்து இலை விடிய விடிய ஈரமாக நிற்கும். காலையில் தெளித்து முடித்தால் பிற்பகலுக்குள் காய்ந்துவிடும். ஆக, தெளிப்பில் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்தே வருகிறது. இரண்டு மணி நேரம் நேரம் தப்பினால், மிச்சம் பிடித்த நீரின் மதிப்பைவிட மருந்துச் செலவு அதிகமாகிவிடும்.

மூன்றாவது சொட்டு. 1960-களில் இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த முறை. இலை நனைவதில்லை; மண் அரிப்பதில்லை; உரத்தையும் நீரோடு கரைத்து வேரடியில் கொடுக்கலாம். நாள்தோறும் 4 மி.மீ. கொடுப்பதும் இதற்கு எளிது. உருளைக்கிழங்கின் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே சொல்லலாம். எனினும் சரிவு இங்கேயும் குறுக்கிடுகிறது. நம் இயற்பியல் பாடம் சொல்வதுபோல், 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் கூடும். மேல் வரிசையில் 1 கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் விடும் சாதாரணச் சொட்டுவான், 10 மீட்டர் கீழே உள்ள வரிசையில் 5.6 லிட்டர் விடும். மேலே வாட்டம், கீழே அழுகல். அழுத்த வேறுபாட்டைத் தானே சரிசெய்யும் சொட்டுவான்கள் உண்டு. அவற்றுக்கு விலை அதிகம். ஓடை நீரில் வரும் வண்டலும் பாசியும் துளையை அடைக்கும். மண் அணைக்கும்போது குழாய் நகரும். அறுவடைக்கு முன் எல்லாவற்றையும் சுருட்டி எடுக்க வேண்டும். சுருட்டி வைத்ததை எலி கடிக்கும். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் தென்னைக்குச் சொட்டு நீர் போடுவதும், நான்கு மாதத்தில் தோண்டி எடுக்கும் கிழங்குக்குப் போடுவதும் ஒன்றல்ல.

இதனால் சொட்டு நீர் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். சரிவுக்கு ஏற்ற சொட்டுவானும், தவறாமல் வடிகட்டியைக் கழுவும் கையும் உள்ள தோட்டத்தில் அதுவே முதன்மையானது. அவை இல்லாத இடத்தில் காலைத் தெளிப்பு நல்லது. இரண்டுக்கும் வழியில்லாதவருக்குக் குறுக்குச் சாலும் ஒன்றுவிட்ட சாலும் இருக்கின்றன. வரிசையை மேலிருந்து கீழாக அடுக்கி, கடைசியில் நிற்பவரை அறிவிலி என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது.

மிச்சமான நீர் எங்கே போகிறது?

இதுவரை முதல் இரண்டு கணக்குகளையே பார்த்தோம். மூன்றாவது கணக்கு, வயலை விட்டுப் போன நீரைப் பற்றியது. "வீணான நீர்" என்று நாம் சொல்வது உண்மையில் வீணாகிறதா? இதற்கு விடை காண, உருளைக்கிழங்குக்கே பெயர்போன வேறொரு நிலத்தைப் பார்த்து வருவோம்.

அமெரிக்காவின் ஐடகோ மாநிலம் அந்நாட்டின் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விளைவிக்கிறது. அங்கே ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கால்வாய்கள் வெட்டி, வயல்களில் தாராளமாகப் பாய்ச்சினார்கள். பயிர் குடித்தது போக மீதி நீர், எரிமலைப் பாறைகளின் இடுக்குகளில் இறங்கி நிலத்தடியில் சேர்ந்தது. அதன் பயனாக, மேற்கே 'ஆயிரம் ஊற்றுகள்' என்று பெயர் பெற்ற இடத்தில் ஊற்றுப் பெருக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடி, 1950-களின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டியது. அந்த ஊற்று நீரை நம்பி மீன் பண்ணைகள் வந்தன.

பிறகு தெளிப்பு முறை பரவியது. பிராங்க் சைபாக் என்பவர் 1952-இல் காப்புரிமை பெற்ற, வட்டமாகச் சுழன்றுவரும் தெளிப்பான் போன்றவை சாலின் இடத்தைப் பிடித்தன. ஒவ்வொரு விவசாயியும் சிக்கனக்காரர் ஆனார். நிலத்தடியில் இறங்கும் நீர் குறைந்தது. அதே காலத்தில் கிணறுகளிலிருந்து இறைப்பதும் பெருகியது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, ஊற்றுகள் மெலிந்தன, வழக்குகள் பெருகின. முடிவில் 2015-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கிணற்று நீர் இறைப்போர் ஆண்டுதோறும் 2,40,000 ஏக்கர்-அடி நீரை, அதாவது சுமார் 30 கோடி கன மீட்டரைக் குறைத்துக்கொள்ள இசைந்தார்கள். இன்று அந்த மாநிலம் குளிர்காலத்தில் கால்வாய்களில் வேண்டுமென்றே நீரை விட்டு நிலத்துக்குள் இறக்குகிறது. அன்று 'வீண்' என்று பெயர் வாங்கிய காரியத்தை இன்று செலவு செய்து செய்கிறார்கள்!

தெளிப்பான் தீயது என்பது இதன் பாடமன்று. ஒரு வயலில் மிச்சமானது முழு ஆற்றுக்கும் மிச்சமாகிவிடாது என்பதே பாடம். மிச்சம் பிடித்த நீரைக் கொண்டு மேலும் ஓர் ஏக்கர் பயிரிட்டால், ஆற்றிலிருந்து எடுத்த நீர் அப்படியே இருக்கும்; ஆற்றுக்குத் திரும்பும் நீர் மட்டும் குறையும்.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். நம் ஓடைகளில் பல, மோயாறு வழியாகவும் பவானி வழியாகவும் பவானிசாகர் அணைக்கே போய்ச் சேருகின்றன. மேட்டுத் தோட்டத்தில் கசியும் நீர் கீழ்த் தோட்டத்தின் ஊற்றாக வெளிவருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். "அப்படியானால் சாலிலேயே பாய்ச்சலாமே, மீதி கீழே உள்ளவனுக்குத்தானே போகிறது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் சரிவில் அது வெறும் நீராகத் திரும்புவதில்லை; மண்ணையும் உரத்தையும் மருந்தையும் நூற்புழு உறையையும் சுமந்து திரும்புகிறது. எனவே இங்கே சிக்கன முறைகளால் மண்ணும் ஓடையின் தூய்மையும் காப்பாற்றப்படுகின்றன. அது பெரிய ஆதாயம். ஆனால் நீரின் அளவிலும் ஆதாயம் வேண்டுமானால், மிச்சமானதில் ஒரு பங்கை ஓடையிலேயே விட்டுவைக்க ஓடைக்கரைத் தோட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். குழாய் தானாக அதைச் செய்யாது.

மானியமும் மானமும்

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சொட்டு, தெளிப்புக் கருவிகளுக்கு, செலவு வரம்புக்குள், சிறு குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. கையில் பணமில்லாத விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் குழாய் வயலுக்கு வந்து சேர்ந்ததோடு கணக்கு முடிந்துவிடுவதுதான் குறை. இத்தனை எக்டரில் குழாய் போட்டோம் என்ற எண் கிடைக்கிறது. எத்தனை லிட்டர் மிச்சமாயிற்று என்ற எண்ணை யாரிடம் கேட்பது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் ஊரில் குழாயோடு வந்த கையேடுகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். வடிகட்டியை எப்போது கழுவ வேண்டும், அழுத்தமானி எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பன, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், கடைசிப் பக்கத்தில் இருந்தன. ஐம்பது ஆண்டு மண்ணோடு பழகி, ஒரு பிடி மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே ஈரம் சொல்லும் மனிதர், அந்தக் கையேட்டின் முன்னால் கூசி நிற்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. இரண்டாம் போகத்திலேயே குழாய் வேலியோரம் சுருண்டு கிடந்தால், "சொன்னபடி செய்யத் தெரியாதவர்கள்" என்ற பழியும் அவர் மேலேயே விழுகிறது. மானியம் பிளாஸ்டிக்குக்குக் கிடைத்தது, அறிவுக்குக் கிடைக்கவில்லை.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, மானியத்தில் ஒரு பகுதி குழாய் வந்த பிறகு இரண்டு போகங்களுக்குப் பழுது பார்ப்பதற்கும் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டு, சரிவுத் தோட்டங்களுக்கு அழுத்தத்தைச் சரிசெய்யும் சொட்டுவானே கொடுக்கப்பட வேண்டும். சமவெளிக்கான பொருளை மலைக்கு ஏற்றக்கூடாது. மூன்று, ஒவ்வொரு கருவியோடும் ஒரு நீர்மானி பொருத்தப்பட வேண்டும். அபராதம் போடுவதற்காக அன்று. விவசாயி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதற்காக. இலவச மின் இணைப்பு உள்ளவருக்குப் பம்ப்செட் கூடுதலாக ஓடும் ஒரு மணி நேரத்துக்கு விலை தெரிவதில்லை. விலை தெரியாத இடத்தில் அளவாவது தெரிய வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் சாலை கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு இந்த ஆண்டு ஒரு புதிய வேலையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர்கள் முன் பணிவோடு வைக்கிறேன்.

தெளிப்பான் ஓடும் வயலில், ஒரே அளவுள்ள 16 பழைய தகர டப்பாக்களைக் கட்டம் கட்டமாக வைப்போம். ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் எத்தனை மி.மீ. நீர் என்று அளவுகோலால் அளப்போம். எல்லா டப்பாக்களின் சராசரி 8 மி.மீ. என்றும், மிகக் குறைவாக விழுந்த நான்கு டப்பாக்களின் சராசரி 5 மி.மீ. என்றும் வந்தால், சீர்மை 62.5 விழுக்காடுதான். அந்த வயலில் வறண்ட மூலைக்கும் 16 மி.மீ. கிடைக்க வேண்டுமானால் சராசரியாக 25.6 மி.மீ. தூவ வேண்டும். அப்போது அது சாலின் 60 விழுக்காட்டுக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. பெரும்பாலும் ஒரு தேய்ந்த மூக்கை மாற்றுவதோ, குழாய்களின் இடைவெளியைக் குறைப்பதோதான் இதற்கு மருந்து. சொட்டு நீர் வயலில் மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஒவ்வொரு சொட்டுவானுக்கு அடியில் பாத்திரம் வைத்தால் போதும். சால் வயலில், தலைமாட்டிலிருந்து கடைமாட்டுக்கு நீர் போய்ச் சேர எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரம் சொல்லிவிடும். இவற்றுக்கு வேண்டியவை டப்பாவும் அளவுகோலும் கடிகாரமுமே. விலையுயர்ந்த ஆய்வுக்கூடக் கருவி எதுவும் வேண்டாம்.

அளந்ததைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதித் தோட்டக்காரர் கையில் கொடுப்போம். எடுத்த நீர், விளைந்த கிழங்கு, கீழே போன நீர் என்று மூன்று கட்டங்கள் போதும். முதற்கட்டத்தை நீர்மானி நிரப்பும். இரண்டாவதை மண்டிச் சீட்டு நிரப்பும். மூன்றாவதை நிரப்ப மேல் தோட்டக்காரரும் கீழ்த் தோட்டக்காரரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார வேண்டும். முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், உதகையில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. நம் சீட்டுகளை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினால் திருத்திக் கொடுப்பார்கள். அவர்களுடைய அறிவு நம் மூலமாகத் தோட்டத்துக்குப் போகும்.

பட்டம் பெற்ற பின் நம்மில் பலர் மலையிறங்கி வேலை தேடிப் போவோம். அது தவறன்று. ஆனால் போவதற்கு முன், நமக்குச் சோறு போட்ட தோட்டத்தில் நாம் படித்த படிப்பால் ஒரு கணக்காவது நேராக வேண்டும். இந்த சனவரியில் கிழங்கு நடும் முன்பே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து டப்பாக்களை வைப்போம். 16 டப்பாக்கள் சேர்ப்பது கடினமா என்ன? விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தாலே கிடைக்கும்.